நாலாவது விதி

"டீச்சர், ஒன்பதாம் வகுப்புக்குப் பத்து விதி எழுதி ஒட்டிடுங்க. ஒங்க கையெழுத்துதான் அழகா இருக்கும்" என்று தலைமையாசிரியர் சார்ட்டையும் ஸ்கெட்ச் பேனாவையும் நீட்டினார். மூடியைத் திறந்ததும் அந்த நெடி மூக்கில் ஏறியது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நன்னிலம் பக்கம் நான் ஒன்பதாவது படித்தபோது, கணக்கு சாரும் இப்படித்தான் என்னை எழுதவைத்தார். நாலாவது விதி: சேற்றுக்காலோடு வகுப்புக்குள் வரக்கூடாது. "எல்லாருக்கும் சம்மதமா?" என்றார். கை தூக்கினோம். கூடப் படித்த செல்வியும் தூக்கினாள். தூக்காமல் இருந்தால் சார் விட்டிருப்பாரா? தார் ரோட்டில் சைக்கிளில் வந்த எங்களுக்கு அந்த விதியால் என்ன நஷ்டம்? செல்வியின் தெருவுக்கு ரோடே கிடையாது. நடவுக் காலத்தில், புதுச்சேறு பூசிய வரப்பில் நடந்துதான் அவள் வரவேண்டும். கால் கழுவலாம் என்றால், பள்ளிக்கூடத்து அடிபம்புக்குக் கைப்பிடி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதைச் சரிசெய்ய யாரும் விதி போடவில்லை.

மறுநாளே செல்வியை வாசலில் நிறுத்தினார்கள். காலில் சேறு காய்ந்து வெளுத்துக்கொண்டிருந்தது. அங்கிருந்தே சுவரில் ஒட்டியிருந்த விதிகளைப் படித்துவிட்டு, "ஒன் கையெழுத்து அழகா இருக்குடி" என்றாள். நான் பெருமையாகச் சிரித்தேன். நடவு முடியும்வரை அவள் வாசலில் நின்றேதான் பாடம் கேட்டாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னையே அறையத் தோன்றுகிறது.

பேனாவை மூடித் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன்.

"பிள்ளைங்க எந்த வழியா வர்றாங்கன்னு ஒருநாள் நடந்து பாத்துட்டு வாங்க சார். அப்புறம் எழுதறேன்."