கோயில் மரத்தில் கை வைத்த பழனியப்பன்

மலேசியாவில், கிள்ளானை அடுத்த மேரு பக்கம் பழனியப்பனைக் கேட்டால் எல்லாருக்கும் தெரியாது. "கரண்டு ஆபீஸ்காரர்" என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். உண்மையில் அவர் எந்த ஆபீசிலும் இல்லை. மின்கம்பியையும் கம்பத்தையும் பார்த்துக்கொள்ளும் வேலையை மின்சார நிறுவனம் வெளியாட்களுக்குக் குத்தகைக்கு விட்டு வெகுகாலமாகிவிட்டது. அதில் கம்பிமேல் சாயும் மரங்களை வெட்டும் பொறுப்பு கிள்ளான் குத்தகைக்காரர் ஒருவருக்கு வந்தது. அவரிடம் கிளை வெட்டி லோரியில் ஏற்றுகிறவர்தான் பழனியப்பன்.

யாரிடமும் அவர் அப்படிப் பொய் சொன்னதில்லை. ஒரு திருவிழாவின்போது கோயில் விளக்கு அணைந்து, அவர் போய் சரிசெய்தார். "அண்ணன் கரண்டு ஆபீஸ்ல இருக்காருல்ல" என்று யாரோ சொன்னார்கள். இவர் தலையைக் குனிந்து சிரித்தார், அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு அப்படியே ஒட்டிக்கொண்டது. தமிழ் ஆரம்பப்பள்ளியோடு படிப்பை நிறுத்திய மனிதருக்கு அந்தப் பேர் சபையில் கட்டியிருக்கும் வேட்டி மாதிரி. அவிழ்த்தால் மானம் போய்விடும் என்று நினைத்தார்.

சாலையோரத்து முனீஸ்வரர் கோயிலில் ஒரு பெரிய வேப்பமரம். பிள்ளை வரம் கேட்கும் பெண்கள் அதில் சின்ன மரத்தொட்டில் கட்டுவார்கள். பிள்ளை பிறந்து, அதை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்துதான் தொட்டிலை அவிழ்க்க வேண்டும். அதே தெரு வீரம்மாவின் மகள் மலர்விழியும் கட்டியிருந்தாள். கட்டி வெகுநாள் கழித்து இப்போதுதான் முழுகாமல் இருக்கிறாள்.

அந்த மரத்தின் கிளை கம்பியைத் தொட ஆரம்பித்தது. காற்றடித்தால் பக்கத்துத் தாமான் குடியிருப்பு முழுக்க இருட்டு.

கோயில் மரம் வெட்டுவதற்கு அந்த வேலைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. முதல் நாளே கோயிலில் சொல்ல வேண்டும். பூசாரி சூடம் காட்டி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, கட்டியிருப்பதையெல்லாம் வேறு கிளைக்கு மாற்றித் தருவார். அதற்குப் பிறகுதான் அறுக்கும் வாள் மரத்தில் படும். லோரி ஓட்டும் மலாய்க்காரர்கூட சொல்லியாச்சா என்று கேட்காமல் வண்டியை நிறுத்தமாட்டார்.

"நம்ம கோயில்தானே அண்ணே, நீங்களே சொல்லிடுங்க," என்றான் மண்டோர் விமலன். வயதில் சின்னவன், ஆனால் வேலைக்குத் தலைவன். "முனி கோச்சுக்கிட்டா நம்ம இன்சூரன்ஸ் தாங்காதுலா."

பழனியப்பன் கோயில் வரைக்கும் போனார். பூசாரி ரெங்கசாமி வாசலில் பூ கட்டிக்கொண்டிருந்தார். என்னவென்று சொல்வது? நாளைக்கு நான்தான் வாளோடு வருவேன் என்றா? கும்பிட்டுவிட்டு, திருநீறு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

"சொல்லியாச்சா அண்ணே?"

"சொல்லிட்டேன் தம்பி."

மறுநாள் விடியலில், யாரும் வருமுன்னே போய் மரத்தடியில் தானே சூடம் ஏற்றினார். 'அப்பனே, என் பிழைப்பு இது, பொறுத்துக்கோ,' என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டார். லோரியின் தூக்குக்கூடையில் தானே ஏறி, தொட்டில்களைப் பதமாக அவிழ்த்து வேறு கிளைக்கு மாற்றிவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் விமலன் அவர் கையில் சிவப்புக் கொடியைக் கொடுத்துவிட்டான்.

"முட்டி வலின்னு சொன்னீங்களே. நீங்க ரோட்டுல வண்டியப் பாருங்கண்ணே. சுலைமான் ஏறட்டும்."

கூட வேலை செய்யும் சுலைமான் மேலே போனதும் குனிந்து கேட்டான், தொட்டில் இன்னும் இருக்கிறதே என்று. விமலன் பழனியப்பனைப் பார்த்தான். "பழசா அண்ணே? வேணாம்னு விட்டுட்டாங்களா?"

அந்த இடத்தில் ஒரு வார்த்தை போதும், வேலையை நிறுத்த. பழனியப்பன் ஆமென்று தலையை ஆட்டினார். திரும்பி வண்டிகளைப் பார்த்துக் கொடியைக் காட்டினார். கிளை மறுபடி வளர்ந்தால் திரும்ப வந்து வெட்டும் செலவு குத்தகைக்காரர் தலையில் விழும் என்பதால் எப்போதுமே ஒட்ட வெட்டச் சொல்வான் விமலன். பெரிய கிளை அடியோடு விழுந்த சத்தம் முதுகில் கேட்டது. மலர்விழியின் தொட்டில் கிளைக்கடியில் நசுங்கிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை பூசைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தார். போகாமல் இருக்கவும் முடியவில்லை. மரத்தின் ஒரு பக்கம் மொட்டையாக நின்றது. பெண்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒரு வார்த்தை சொல்லலையே," என்றார் ரெங்கசாமி. "முன்ன வந்து கேட்டுட்டுத்தான் வெட்டுவாங்க. இப்ப யாரு வரா, யாரு போறான்னே தெரியல. தம்பி, நீ ஆபீஸ்ல இருக்கியே. யாரு வேலைன்னு கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

"கேக்கறேன் சாமி," என்றார் பழனியப்பன்.

மலர்விழி ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஒரு கை வயிற்றின் மேல். "மாமா, இதனால புள்ளைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

பழனியப்பன் அவள் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். "நாங்கதாம்மா வெட்டுனோம். கோயில்ல சொல்லச் சொன்னாங்க. நான்தான் சொல்லல."

"நீங்க ஏன் வெட்டப் போறீங்க?" என்றாள் வீரம்மா, புரியாமல்.

"நான் ஆபீஸ்ல இல்ல தங்கச்சி. குத்தகைக்காரர்கிட்ட மரம் வெட்டுறேன். அது தெரிஞ்சிரும்னு..."

வீரம்மா அவரையே பார்த்தாள். "மரம் வெட்டுனா என்ன? என் மருமவன் மீன் லோரியில ஐஸ் அள்ளிப் போடறான். அதுக்கா அண்ணே இப்படிப் பண்ணீங்க?"

திட்டியிருந்தால் தேவலை. மலர்விழி மெல்லக் கேட்டாள். "வெட்டுறப்ப நீங்க எங்க இருந்தீங்க மாமா?"

"ரோட்டுல. கொடி புடிச்சிக்கிட்டு."

"அத்தனை வண்டிய நிறுத்துனீங்க. அவங்களையும் ஒரு நிமிஷம் நிறுத்தியிருக்கலாம்."

ரெங்கசாமி மஞ்சள் துணி எடுத்து வந்து மீதிக் கிளையில் கட்டி, "தாயைத் தண்டிக்கிற சாமி இல்லம்மா இது," என்று அவளுக்குத் திருநீறு பூசினார். புதுத் தொட்டில் தான் வாங்கி வருவதாகப் பழனியப்பன் சொன்னார். "நாங்களே கட்டிக்கிறோம் மாமா," என்றாள். கோபமில்லாத குரல்தான். அதுதான் அவரைக் கூனிக்குறுக வைத்தது.

மறுநாள் காலை வேலைக்குப் போனதும் கோயிலில் சொல்லாததை விமலனிடமும் ஒத்துக்கொண்டார். விமலன் கையுறையை மாட்டிக்கொண்டே, அவர் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்:

"பரவால்ல அண்ணே. இனிமே கோயில் மரம்னா நான் போய் சொல்லிக்கிறேன்."

பழனியப்பன் தலையசைத்துவிட்டு லோரியின் பின்பக்கம் ஏறி உட்கார்ந்தார்.