வெள்ளைப் பூ எடுத்துக் கொடுத்த ரேடியோ

எனக்கு ரேடியோப் பித்துப் பிடித்தது சேலத்தில். அங்கே ஒரு மண்டியில் மூட்டைகளுக்குக் குறி போடும் வேலை. எதிரில் இருந்த டீக்கடையில் ஒரு ரேடியோ உண்டு. டீ குடிக்கிற சாக்கில் அதன் பக்கத்திலேயே நிற்பேன். கடைக்காரர் நல்ல மனநிலையில் இருந்தால் குமிழைத் திருப்ப விடுவார். சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே கொழும்பு வரும், மலாயா வரும், என்ன மொழியென்றே தெரியாத தேசங்களெல்லாம் வரும். புரியாவிட்டால் என்ன? அவ்வளவு தூரத்தில் ஒருவன் பேசுகிறான், இங்கே நான் கேட்கிறேன், அது போதும் எனக்கு.

மலைமேல் இருக்கிற எங்கள் ஆலத்தூர் நாட்டுக்குத் திரும்பி எங்கள் கிழங்குக் காட்டைப் பார்க்க ஆரம்பித்த பிறகும் பித்துத் தெளியவில்லை. அதனால், ஊர்ப் பொதுவில் ஒரு ரேடியோ வாங்குவது என்று பேச்சு வந்தபோது, சேலம் போய்ப் பார்த்து வர என்னையே அனுப்பினார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் வீட்டில் அதற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அண்ணன் மலாயாவில் ரப்பர்த் தோட்டத்துக்குப் போய்ப் பல வருடங்கள் ஆகியிருந்தன. அந்த வருடம் அங்கிருந்து திரும்பிய ஒருவர், மலையேறி வந்து ஒரு சேதி சொன்னார். பொங்கலன்று சாயங்காலம் மலாயா ரேடியோவில் தோட்டத்து ஆட்கள் சிலர் சொந்த ஊருக்கு வாழ்த்துச் சொல்லப் போகிறார்களாம், அதில் அண்ணனும் ஒருவனாம். ஆத்தா அவரை விடவில்லை. சொன்னதையே மறுபடி மறுபடி சொல்லச் சொன்னாள்.

"அவன் கொரலு ஒருக்கா காதுல உழுந்தாப் போதுஞ் சாமி, அப்பறம் என்னை எடுத்துக்கிட்டுப் போனாலும் சரி," என்றாள்.

சேலத்துக் கடையில் எங்கள் ஊர் கொடுத்த பணத்துக்குள் இரண்டு ரேடியோக்கள் அடங்கின. இரண்டுமே பேட்டரியில் பாடுபவை, எங்கள் மலையில் கரண்ட் ஏது? ஒன்று பெரிய மரப்பெட்டி. சத்தம் ஊரைக் கூட்டும், ஆனால் மத்திய அலை மட்டும்தான். திருச்சி வரும், அதைத் தாண்டிப் பெரிதாக ஒன்றும் வராது. மற்றது அளவில் அதில் பாதிகூட இல்லை, சத்தமும் குறைவு, ஆனால் சிற்றலை இருந்தது. கடைக்காரர் ஒரு கம்பியைச் சொருகி முள்ளை மெல்ல நகர்த்தினார். இரைச்சலுக்குள்ளிருந்து மலாயாக்காரன் தமிழ் பேசினான். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இதுதான் என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

அடிவாரத்துக் காரவள்ளியோடு பஸ் நின்றுவிடும். அங்கிருந்து மலையேறும் வழியெல்லாம், ஊரில் எப்படிப் பேசுவது என்று எனக்கு நானே ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன். ஒத்திகை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஊர்க்கூட்டத்தில் நான் சொல்லி முடித்ததும் ஊர்க்கவுண்டர் கேட்டார்: "ஏங்கண்ணு, இத்துனூண்டு பொட்டி ஊருக்கே எப்படிப் பேசும்?"

"சத்தம் கம்மிதானுங்க. ஆனா இதுதான் கடல் தாண்டிக் கேக்கும். பெரிசு பக்கத்துல இருக்கறதை மட்டுந்தான் புடிக்குமுங்க."

கூட்டம் சிரித்தது. அலை என்றேன், நீளம் என்றேன், காற்றில் கையை ஏற்றி இறக்கிக் காட்டினேன். என் கையைப் பார்த்தார்களே தவிர, நான் சொன்னதை ஒருவரும் வாங்கிக்கொள்ளவில்லை. கடைசியில் ஆத்தாவே வாய் திறந்தாள்.

"சின்னதுக்கே கடல் தாண்டிக் கேக்குமின்னா, பெரிசுக்குக் கேக்காதா கண்ணு?"

"அதானுங்களே!" என்றது கூட்டம். வேறு யார் சொல்லியிருந்தாலும் சண்டைக்கே போயிருப்பேன்.

அப்போதும் ஊர்க்கவுண்டர் என்னைத் தள்ளிவிடவில்லை. இரண்டு பேச்சு வந்துவிட்டது, பூக்கேட்டுவிடலாம் என்றார். எங்களுக்குள் எது பிரச்சினையானாலும் அதுதான் வழக்கம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, இரண்டையும் தனித்தனியாக இலையில் பொதிந்து சாமி முன்னால் போடுவார்கள். எடுக்கிற பொட்டலத்தில் எந்தப் பூவோ அதுதான் சாமியின் சொல். பெண் கொடுப்பதும் காடு பிரிப்பதும் அப்படித்தான். மறுபடி கேட்பது தெய்வக் குற்றம். பெரிய பெட்டிக்கு வெள்ளை, சின்னதுக்குச் சிவப்பு என்று வைத்தார்கள்.

"பையன் பேசறதைக் கேக்கோணுமின்னு தவியாத் தவிக்கறவ அவதான். அவளே எடுக்கட்டும்," என்றார் பூசாரி. எல்லோருக்கும் அது நியாயமாகப் பட்டது. எனக்கும்தான். பெற்றவள் கைக்குச் சாமி சரியானதைக் கொடுக்காதா என்று நம்பினேன்.

ஆத்தா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். பிரித்தால், வெள்ளை. அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. நானும் சாமிக்குப் பயந்தவன்தான். அதற்குமேல் என்ன பேச?

பொங்கலுக்கு என்னோடு சேலத்துக்கு வந்துவிடு, அந்த டீக்கடையில் கேட்டுவிடலாம் என்று கெஞ்சினேன். "முட்டிக்கால வெச்சுக்கிட்டு மலை எறங்கறதா? ஊருக்கே ரேடியோ வருது, நான் எதுக்குங் கண்ணு அங்க வாரேன்?" என்று சிரித்தாள்.

பெரிய பெட்டியைக் கம்பில் கட்டித் தூக்கி வந்தோம். பலாமரத்தில் ஏரியல் கட்டியதும் நான்தான்.

பொங்கலன்று சாயங்காலம் ஆத்தா புதுச்சேலை கட்டிப் பெட்டிக்கு முன்னால் முதல் ஆளாக உட்கார்ந்தாள். ஊரே பின்னால் உட்கார்ந்தது. திருச்சி கணீரென்று வந்தது. முள்ளை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினேன். மலாயா இருக்கிற அலை அந்தப் பெட்டியிலேயே கிடையாது என்று தெரிந்தும் தள்ளினேன். அந்த நேரத்தில் அண்ணன் எங்கோ பேசிக்கொண்டிருக்கிறான். நான் கையில் வெறும் குமிழைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். பெட்டியைத் தூக்கிப் போட்டு உடைக்கலாம் போல ஆத்திரம் வந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுபடி திருச்சிக்கே முள் வந்து நின்றது. ஓர் ஆண்குரல், அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள் என்றது. ஆத்தா என் முழங்கையைப் பிடித்தாள்.

"அவந்தானே?"

நான் குமிழிலிருந்து கையை எடுத்தேன். ஊர்க்கவுண்டர்தான் சொன்னார்: "அவனேதான் ஆயா. கொரலு நல்லாத் தேறிருச்சு."

கூட்டம் மகிழ்ச்சியில் சத்தம் போட்டது. குரல் வேறு விஷயத்துக்குப் போய், பிறகு நாதஸ்வரம் ஆரம்பித்தது. ஆத்தா பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெல்லச் சொன்னாள்:

"ஆத்தான்னு ஒரு வார்த்தை கூப்புடலியே கண்ணு."