குரல் இல்லாமல் வாதாடிய நாள்

போன வருடம் பொங்கல் முடிந்த வாரத்தில், என் கழுத்தில் இருந்த தைராய்டு கட்டியை வேலூரில் ஒரு மருத்துவமனையில் அறுவை செய்து எடுத்தார்கள். மயக்கம் தெளிந்ததும் பக்கத்தில் நின்ற என் மகள் ஜெனியைக் கூப்பிட்டேன். சத்தம் வரவில்லை. காற்றுதான் வந்தது. மறுநாளும் அப்படித்தான். கட்டி குரல் நரம்போடு ஒட்டியிருந்தது என்றார் மருத்துவர். நரம்பு தேறினால் சில மாதங்களில் குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று மறைக்காமல் சொன்னார்.

என் பெயர் சுகந்தி. ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் பல வருடம் இருந்தேன். அங்கே பெண்களுக்கு ஒரு பிரச்சினை என்றால் மேனேஜரிடம் போய்ப் பேசுவது நான்தான். அந்தத் தைரியத்தில்தான் வேலையை விட்டுவிட்டு, சட்ட உதவியாளர் டிப்ளமோ படிக்கச் சேர்ந்தேன். சட்டம் தெரியாதவர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, வழி சொல்லி, நீதிமன்றம் வரை கூடப் போகிற வேலை அது. பேச முடியாதவளை யார் அந்த வேலைக்குக் கூப்பிடுவார்கள்? குக்கர் விசில் அடிக்கும்போது அடுப்படியில் நின்று அழுவேன். அழுகைக்கும் சத்தம் இல்லை.

எங்கள் படிப்பில் மாதிரி நீதிமன்றப் போட்டி உண்டு. மூட் கோர்ட் என்போம். கற்பனையான வழக்கு ஒன்றைக் கொடுத்து, இரண்டு பேர் கொண்ட அணிகளை எதிரெதிராக வாதாட விடுவார்கள். மே மாதம் பல கல்லூரிகள் சேர்ந்து நடத்தும் போட்டிக்கு, அறுவைக்கு முன்பே நானும் என்னோடு படிக்கும் ஷபானாவும் தேர்வாகியிருந்தோம்.

“போட்டிக்கு முன்னால் குரலைத் தாரும் ஆண்டவரே.” இதுதான் என் ஒரே ஜெபம். எங்கள் சபைப் பெண்கள் புதன்கிழமைதோறும் எனக்காக உபவாசம் இருந்தார்கள். ஏப்ரல் முடிந்தது. குரல் வரவில்லை.

ஷபானாவிடம் போனேன். “வேற யாரையாவது சேத்துக்கோ” என்று கிசுகிசுத்தேன்.

“இன்னா பேசற அக்கா? கேஸை முழுசா படிச்சது நீ. நீ வராட்டி நானும் போவல. சும்மா பேஜார் பண்ணாத. நீ ஜெபம் பண்ணு, நானும் துவா பண்றேன்” என்றாள்.

போட்டி வேலூரில், பாகாயம் போகும் வழியில் ஒரு கல்லூரியில் நடந்தது. பிரசவ விடுப்பில் போன தொழிலாளியை வேலையை விட்டு நீக்கிய வழக்கு. நாங்கள் அந்தப் பெண்ணின் தரப்பு. முதலில் பேச வேண்டியவள் நான். பஸ்ஸில் வரும்போதுகூட ஜெபித்துக்கொண்டே வந்தேன். எழுந்து மைக் முன்னால் வாயைத் திறந்தேன். என் மூச்சும் மின்விசிறிகளின் இரைச்சலும்தான் கேட்டன. பின்வரிசையில் சலசலப்பு. ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்றே நினைத்தேன்.

நடுவராக உட்கார்ந்திருந்தவர் ஓய்வு பெற்ற நீதிபதியான ஒரு அம்மா. அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். வெளியே போகச் சொல்லப்போகிறார் என்று பயந்தேன்.

“ஃபேன் எல்லாத்தையும் நிறுத்துங்க. கதவையும் சாத்துங்க. இவங்க பேசறது எனக்குக் கேக்கணும்” என்றார்.

வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். அந்த மே மாதப் பகலில் அத்தனை மின்விசிறிகளும் நின்றன. ஒருவரும் முணுமுணுக்கவில்லை. எதிர்த்தரப்புப் பெண் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பயம் போன இடம் தெரியவில்லை. அந்தக் கிசுகிசுப்பிலேயே நான் பேசினேன்.

நடுவில் நீதிபதி கேட்டார். “பிரசவ விடுப்பு கேக்க மாட்டேன்னு சேரும்போதே அந்தப் பொண்ணு கையெழுத்து போட்டிருக்கே. அதுக்கு என்ன சொல்றீங்க?”

“கையெழுத்து வாங்கிட்டா மட்டும் சட்டம் குடுத்த உரிமை போயிடாதுங்கம்மா” என்றேன். அவர் தலையசைத்துக் குறித்துக்கொண்டார். பின்னால் ஷபானாவின் முறை வந்தபோது, நான் விட்ட இடத்திலிருந்து அவள் பிடித்துக்கொண்டாள்.

இறுதிச் சுற்று வரை போய்த் தோற்றோம். இரண்டாம் இடம். எனக்கு வருத்தமே இல்லை.

ஆகஸ்டில் ஒருநாள் காலை, குளியலறையிலிருந்து துண்டு கேட்டேன். ஜெனி ஓடி வந்து கதவருகே நின்று, “அம்மா, நீயா கூப்ட்ட?” என்றாள். அவள் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. இருவரும் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்று அழுதோம்.

மருத்துவர் சொன்ன காலத்துக்குள்தானே குரல் வந்தது, இதில் அற்புதம் என்ன என்று சிலர் கேட்கிறார்கள். கேட்கட்டும். குரலுக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்கிறேன். ஆனால் குரலே இல்லாத நாளில், முன்பின் தெரியாத ஒரு கூட்டத்தை எனக்காக அவர் அமைதியாக உட்கார வைத்தாரே, அதற்குத்தான் அதிகம் நன்றி சொல்கிறேன்.

இப்போது நானும் ஷபானாவும் ஒரு சட்ட உதவி மையத்தில் உட்காருகிறோம். வருகிற பெண்கள் பலருக்குச் சொல்ல வாய் வராது. கம்பெனியில் இருந்தபோது இப்படிப்பட்ட பெண்களுக்காக நானே பேசிவிடுவேன். இப்போது அவர்களே பேசும்வரை காத்திருக்கிறேன்.

சகோதரிகளே, சகோதரர்களே, கேட்டது கேட்டபடி, கேட்ட நாளில் வராமல் போகலாம். அதற்காக ஜெபத்தை விட்டுவிடாதீர்கள். துக்கத்தில் வார்த்தையே வரவில்லையா, சும்மா அவர் முன்னால் போய் உட்காருங்கள். நம் ஆண்டவருக்குக் கேட்கும்.