ஆடு உள்ளே, அவள் வெளியே

கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆட்டுக்குட்டியை வாங்கிக்கொண்டு, அதை வளர்த்தவளைக் கோயில் வாசலிலேயே நிறுத்தினேன். நான் செய்த தவறு அதுதான்.

முத்தியால்பேட்டையில் எங்கள் கோயில் பங்குப் பிள்ளைகள் நடிக்கும் நாடகம். பிரெஞ்சு வாத்தியார், ஊருக்கு 'முசே'யான நான்தான் பொறுப்பு. பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இடையர் வேடம். இஸ்திரி போட்ட அங்கி, வண்ணக் காகிதம் சுற்றிய கோல். உயிருள்ள குட்டி ஒன்று வேண்டும் என்று தோன்றியது. எங்கள் பங்கிலேயே ஆடு வளர்ப்பவள் ஒருத்தி இருந்தாள். கேட்டதும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"நானும் உள்ள வரேன் முசே. என்னைக் காணலன்னா கத்தும்."

"புழுக்கை நாத்தத்தோடயா? முன் வரிசையில பெரிய மனுஷங்க இருக்காங்க. குட்டியைக் குடுத்துட்டு இங்கயே நில்லு."

நாடகம் முடியும்வரை குட்டி கத்தியது. அதற்கு மேல் குரலை உயர்த்தி, பாலன் பிறந்த செய்தி இடையர்களுக்கே முதலில் வந்தது என்று நான் வாசித்தேன்.

பல வருடம் கழித்து, ஞாயிறு மறைக்கல்வி வகுப்புக்காக அதே நற்செய்திப் பகுதியை எடுத்தேன். அந்த இடையர்கள் குளித்துவிட்டு வந்ததாக எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆட்டு வாடையோடு வந்து நின்றவர்களைத்தான் பாலனின் தாய் உள்ளே விட்டிருக்கிறாள். பாடத்தை அங்கேயே முடித்துவிட்டேன்.

அந்த வருடமே, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால் அவள் வீட்டுக்குப் போனேன்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதா முசே?"

மன்னிப்புக் கேட்டேன். "இந்த வருஷம் கோயில் குடில்ல பாலனை நீதாம்மா வைக்கணும்."

"சினையாடு இன்னிக்கோ நாளைக்கோன்னு நிக்குது. விட்டுட்டு எப்பிடி வருவேன்? வேணும்னா ஒங்க பாலனை இங்க வரச் சொல்லுங்க" என்று சிரித்தாள்.

மறுநாள் பங்குச் சாமியாரிடம் கேட்டு, பாலன் சுரூபத்தைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோனேன். குட்டி அப்போதுதான் பிறந்திருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு பாலனை வாங்கினாள். கொஞ்ச நேரம் மார்போடு வைத்திருந்துவிட்டு, வைக்கோலில் குட்டியின் பக்கத்தில் கிடத்தினாள். தாய் ஆடு இரண்டையும் நக்கியது.

"தொடைச்சி எடுத்துட்டுப் போங்க முசே. முன் வரிசையில பெரிய மனுஷங்க இருப்பாங்க."

ஒரு சொல்லையும் அவள் மறந்திருக்கவில்லை. நான் துடைக்கவில்லை, அப்படியேதான் அன்று ராத்திரி குடிலில் வைத்தேன்.

மன்னித்துவிட்டதாக அவள் சொல்லவில்லை. நான் ஆட்டோவில் ஏறும்போது மட்டும், "புள்ள தலையை ஏந்திப் புடிங்க" என்றாள். கோயில்வரை அப்படியே பிடித்துக்கொண்டு வந்தேன்.