சண்டை மீனுக்குச் சருகு

என்னை ஊரிலிருந்து மலாயாவின் பேராக்குக்குக் கொண்டுவந்து இறக்கிய மூன்றாம் மாதம், என் வீட்டுக்காரர் ஈப்போவிலிருந்து ஒரு சண்டை மீன் வாங்கிவந்தார். தாப்பா ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ஒரு ரப்பர் தோட்டத்தில் அவர் கிராணி, கணக்கு எழுதுகிற வேலை. விடியுமுன் பெரட்டுக் களத்துக்குப் போய் ஆட்களைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பிவிட்டு ஆபீஸில் உட்கார்ந்தால், வீடு திரும்ப இருட்டிவிடும். அதுவரை நான் தனி. கீழே தோட்டத்து ஆட்களின் லயத்தில் அத்தனை குடும்பங்கள் இருந்தன. ஆனால் லயத்துப் பெண்களோடு கிராணி பெண்டாட்டி பேசக்கூடாது. பேசினால் மரியாதை போய்விடுமாம். மேட்டு பங்களாவில் இருந்த வெள்ளைக்காரத் துரைசானி என்னோடு பேசமாட்டாள், அவள் மரியாதையும் பத்திரமாக இருந்தது. நடுவில் நான் என் மரியாதையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன்.

"உனக்குப் பேச்சுத் தொணைக்கு" என்று கண்ணாடிச் சாடியை மேசைமேல் வைத்தார். நீலமும் சிவப்புமாக, விரல் நீளம்கூட இல்லாத மீன். என் கைக்கண்ணாடியைக் காட்டினால் செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்கு வரும். ஆளில்லாத வீட்டில் கோபப்படவாவது ஓர் உயிர் வந்ததே என்று எனக்குச் சந்தோஷம். அதற்கு ஒரு பெயரும் வைத்தேன். அதை அவரிடம்கூடச் சொல்லவில்லை.

மீன் விற்ற சீனக் கடைக்காரர் ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார். தண்ணீரில் காய்ந்த மர இலை போட வேண்டும். தண்ணீர் தேயிலைச் சாயமாக மாறினால்தான் மீனின் வால் அழுகாது. எந்த மரத்து இலை என்று இவர் கேட்டுக்கொள்ளவில்லை.

"எலைதானே, இங்க எலைக்கா பஞ்சம்?" என்றார்.

பஞ்சமில்லைதான். ரப்பர்ப் பால்மரங்கள் இலை உதிர்க்கும் காலம். வாசலெல்லாம் சிவப்புச் சருகு. அழகாக இருந்ததில் நாலைப் பொறுக்கிப் போட்டேன். மறுநாள் காலையில் தண்ணீர்மேல் ஏடு படர்ந்திருந்தது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. எடுத்துப் பார்த்தால் ஒரு இலையின் காம்பு இன்னும் பச்சை, பால் கசிந்திருந்தது. தண்ணீரை மாற்றிவிட்டு, அது நேராக நீந்தும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதேன். மீனுக்காக அழுவதாகத்தான் அப்போது நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு கண்டதைப் போடுவதாக இல்லை. ரப்பர்ப் பால் பிடிக்கும் மங்குகளில் ஓரம் உடைந்தவை ஐந்தாறு கொல்லையில் கிடந்தன. அவற்றைப் பின்படியில் வரிசையாக வைத்து, பீப்பாய்த் தண்ணீரை ஊற்றி, கொசுப்புழுவும் விட்டு, மாவிலைச் சருகு ஒன்றில், கொய்யா ஒன்றில், பலா ஒன்றில் என்று போட்டேன். புழு செத்தால் அந்த இலை ஆகாது. தினமும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

கிராணியம்மா மங்கு வைத்து மந்திரம் பண்ணுகிறாள் என்று லயத்தில் பரவிவிட்டது. என் கொல்லைப்பக்கமாகப் போகிற பெண்கள் சுற்றுவழியில் போனார்கள். பேசாமல் இருந்தவர்கள் இப்போது பார்ப்பதையும் விட்டார்கள்.

ஒருத்தி மட்டும் நின்றாள். புல் வேலைக்குப் போகிறவள், என் வயதுதான் இருக்கும்.

"யாருக்கும்மா செய்வினை வைக்கிறீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

உள்ளே போய்ச் சாடியை எடுத்துவந்து காட்டினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்கும் வந்துவிட்டது. மலாயாவில் நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

"கெத்தாப்பாங் எலை போடணும்மா. நம்ம ஊரு வாதாங்கொட்டை மரந்தான். லயத்துப் புள்ளைங்க வாய்க்கா மீனுக்கு அதத்தான் போடும்."

அந்த மரம் எனக்குத் தெரியும். சாமான் கொட்டகையை ஒட்டி ஒன்று நின்றது. மறுநாள் மத்தியானம் போய் மடி நிறையப் பொறுக்கினேன். வேலை முடிந்து வந்த அவள் என்னைப் பார்த்ததும் ஓடிவந்து மடியைத் தட்டிவிட்டாள்.

"ஐயோ, இந்த மரத்துது வேணாம்மா! லாலாங் புல்லுக்கு அடிக்கிற மருந்து டின்ன இங்கதான் கழுவுறோம். மாடு நக்குனாலே செத்துப்போகும். மொதல்ல கையக் கழுவுங்க."

வாய்க்காலுக்கு இழுத்துப்போய் அவளே என் கையைத் தேய்த்துக் கழுவினாள். அப்போதுதான் அவள் கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் தோல் உரிந்திருந்தது. செருப்பில்லாத காலில் புண்.

"இது என்ன?" என்றேன்.

"மருந்து அடிக்கிற ஆளுங்க எல்லாத்துக்கும் இருக்கும். நாங்க தாங்கிக்குவோம். மீனு தாங்காதும்மா."

அன்றிலிருந்து வாரம் ஒருமுறை ஆற்றோர மரத்துச் சருகு கொண்டுவருவாள். தானாக விழுந்ததாக, பூஞ்சை இல்லாததாக, காம்பை ஒடித்தால் படக்கென்று ஒடிவதாகப் பார்த்து எடுப்பாள். நான் வெந்நீரில் அலசிக் காயவைத்து ஒன்றைச் சாடியில் போடுவேன். தண்ணீர் சாயம் பிடிக்கும். மீன் தேறி, வாலை விரித்துக்கொண்டு திரிந்தது. அவள் படியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போவாள். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக நான் வாரம் முழுக்கக் காத்திருந்தேன்.

மருந்து அடிக்க யார் யார் போவது என்று பெயர் எழுதுவது என் வீட்டுக்காரர்தான். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் வந்துபோவது தெரிந்துவிடும், அதோடு அதுவும் நின்றுவிடும். எனக்கு இருந்தது அவள் ஒருத்தி. நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்று மாதக்கணக்கில் தள்ளினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

ஒருநாள் காலையில் பின்படியில் ஒரு சாக்கு இருந்தது. ஒரு வருஷத்துக்குக் காணும் சருகு. ஆளைக் காணோம். சாப்பிடும்போது வீட்டுக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார், நாலைந்து குடும்பங்கள் தஞ்சோங் மாலிம் பக்கத்துத் தோட்டத்துக்குப் போய்விட்டன என்று.

பயமெல்லாம் எங்கே போயிற்றோ, கேட்டுவிட்டேன்.

"அங்க இருக்கிற கிராணி உங்களுக்குத் தெரிஞ்சவருதானே? ஒரு கடுதாசி போடுங்க. அந்தப் பொண்ண மருந்து வேலைக்கு மட்டும் விட வேணாம்னு."

அவர் கோபிக்கவில்லை. சோற்றில் வைத்த கையோடு என்னைப் பார்த்தார்.

"எந்தப் பொண்ணு?"

"புல் வேலைக்குப் போவாளே. கால்ல புண்ணு இருக்கும்."

"மருந்து ஆளுங்க எல்லாத்துக்குந்தான் கால்ல புண்ணு. பேரச் சொல்லு, இப்பவே எழுதுறேன்."

மேசைமேல் சாடியில் மீன் சுற்றிக்கொண்டிருந்தது. அவளிடம் நான் பெயர் கேட்டதே இல்லை; எவ்வளவு யோசித்தும், மீனுக்கு வைத்த பெயர்தான் வாயில் வந்து நின்றது.