கழற்றி வைத்த பொன்னாடை

ஒரு மனிதரின் பேச்சை மேடையிலேயே பொய்யாக மொழிபெயர்த்தவன் நான். அவர் அமெரிக்கர், நையாண்டி நாவலாசிரியர், விமர்சகர். கசங்கிய சட்டையும் நெடிய உருவமுமாக, தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பார்.

ஆங்கிலம் அறியாத என் நண்பனின் நாவல் ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பாகி வந்தபோது, மட்டக்களப்புக்குப் பக்கத்து ஆரையம்பதியில் விழா வைத்து அவரைப் பேச அழைத்தோம்.

"இதில் எல்லோரும் நல்லவர்கள். ஒருவரையும் நம்ப முடியவில்லை" என்றார் அவர்.

வெளியீட்டு விழாவில் குறை சொல்வது எங்கள் வழக்கமில்லை. "அற்புதமான மனிதர்கள் என்கிறார்" என்றேன். சபை கைதட்டியது.

"நான் குறைதானே சொன்னேன், ஏன் தட்டுகிறார்கள்?" என்று கேட்டவர், போர்த்திய பொன்னாடையைக் கழற்றி மேசையில் வைத்தார். "புழுக்கமாம்" என்று அதையும் மாற்றிச் சொன்னேன்.

மறுநாள் நண்பனிடம் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன்.

"அந்தாளாவது என்ட கதைய வாசிச்சிரிக்கான். நீ வாசிச்சியா மச்சான்?"

நான் வாசித்திருக்கவில்லை.

அடுத்த நாவலின் ஆங்கிலப் பிரதியை அவன் அந்த அமெரிக்கருக்கே அனுப்பினான். அதன் விழாவுக்கு எனக்கு அழைப்புகூட வரவில்லை.