ஸ்பிண்டில் ஆட்டம்

அன்றைக்கு மேனேஜர் ரூமில் இருந்தவர்கள்: மேனேஜர் விஜயன் சார், திருச்சூர்க்காரர். சஜிதா, ஜப்பான் பாஷை படித்துவிட்டு லெட்டர் எழுதும் வேலைக்கு டிரெய்னியாக வந்த பெண். அப்புறம் நான், மெயின்டனன்ஸ் பிட்டர், எட்டாவது வரை படித்தவன். வேறு யாரும் இல்லை. கஞ்சிக்கோட்டில் பம்ப் உதிரி செய்யும் கம்பெனி.

ஜப்பான் லேத் ஒன்று இரண்டு நாளாக நின்றுகொண்டிருந்தது. இரும்பைப் பிடித்துச் சுற்றும் ஸ்பிண்டிலில் ப்ளே. மெஷின் செய்தவர்களுக்கு அவர்கள் பாஷையில் எழுத வேண்டும். முந்தின நாள் சஜிதா மெஷினுக்கே வந்து கேட்டாள்.

"பாட்டுப் போடறதும் ப்ளே, பந்து அடிக்கறதும் ப்ளே, நாடகமும் ப்ளே. ஜப்பான்ல ஒவ்வொண்ணுக்கும் வேற வேற வார்த்தைங்கண்ணா. இது எதுங்க?"

ஸ்பிண்டிலைக் கையால் அசைத்துக் காட்டினேன். "இதுதானம்மிணி. லொடலொடங்குது பாரு."

அவளும் ஒரு தரம் அசைத்துப் பார்த்தாள். கையில் கிரீஸோடு போய் 'அசோபி' என்று எழுதினாள்.

மறுநாள் ரூமில் மேனேஜர் அந்த லெட்டரை என்னிடம் நீட்டினார். "எடோ ராசு, மெஷின் தெரிஞ்சவன் நீயல்லே. ஒண்ணு நோக்கு."

எனக்கு அந்த எழுத்து தெரியாது. தெரியாது என்று சொல்லக் கூச்சம். அவளிடம் எது அந்த வார்த்தை என்று கேட்டு, போனில் மொழிபெயர்ப்பைத் திறந்து அதன் மேல் பிடித்தேன். 'விளையாட்டு' என்று காட்டியது. சிரித்துவிட்டேன்.

"சார், ஸ்பிண்டில் வெளையாடப் போயிருக்குதுன்னு எழுதியிருக்குதுங்க."

மேனேஜரும் சிரித்தார். சஜிதா சிரிக்கவில்லை.

"நாமளும் ஆட்டம் இருக்குதுன்னுதானுங்க சொல்றோம். அங்கயும் அதே மாதிரிதான். ஏனுங்கண்ணா, நீங்களே தெனம் சொல்றீங்கல்ல?"

தினம் சொல்வேன். அவள் எழுதியது சரி என்று அந்த நிமிடமே தெரிந்தது. ஆனால் சிரித்தாயிற்று. போனைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

லெட்டர் எழுதும் வேலை வெளி ஏஜென்சிக்குப் போனது. அந்த வாரம் சஜிதாவின் டிரெய்னிங் முடிந்தது. நிரந்தரம் ஆக்க வேண்டியது, ஆக்கவில்லை. பாஷை போதாது என்றார் மேனேஜர். போகும்போது என்னிடம் "வரேனுங்கண்ணா" என்றாள். அவ்வளவுதான்.

மூன்று வாரம் கழித்து ஜப்பான் இன்ஜினியர் வந்தார். முதல் வேலையாக ஸ்பிண்டிலைப் பிடித்து அசைத்தார். "அசோபி" என்றார்.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "அவர் எந்தா பறஞ்சது?"

"காதுல விழலைங்க சார்" என்றேன்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தப்பாகச் சிரித்துவிட்டால் அதே ரூமில், எல்லாரும் கலைவதற்குள் திருத்துங்கள். வெளியே வந்துவிட்டால் நாக்கு எழாது. எனக்கு எழவில்லை.

இப்போது நான் ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறேன். சஜிதா எலப்புள்ளியில் அவள் அத்தாவின் மளிகைக் கடையில் உட்காருகிறாள் என்று கேள்வி. போய்ச் சொல்ல வேண்டும் என்று நினைப்பதோடு சரி. கடை என் வீட்டிலிருந்து நாலு கிலோமீட்டர்.